கதவுக்கு மேலே ஓர் ஓட்டை

ஜனவரி மாதம் எங்கள் மலையூர் கரா-புலுங் பள்ளிக்கூடத்துக்குள் போனால், பிள்ளைகள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெறும் சட்டையோடு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. மூக்குக்குள் முடி விறைத்துப்போகும். உள்ளேயோ டீச்சர், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள் என்பார். இந்தப் புண்ணியம் முழுக்கக் கிடிராலியைச் சேர்ந்தது. இருபத்தாறு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவர் அவர். எந்தக் குழாய் எப்போது மக்கர் பண்ணும் என்று அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். மாவட்டத்திலிருந்து பொறியாளர் வந்தாலும் முதலில் அவரைத்தான் தேடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் விடிந்ததும் வேலை முடிந்து தன் வீட்டுக்கு வந்து செய்யும் முதல் காரியம் என்ன தெரியுமா? வாசல் அறையில் இருக்கும் தண்ணீர் வாளியில் அகப்பையால் ஓங்கி ஒரு போடு போடுவது. மேலே உறைந்த ஐஸ் உடைந்தால்தானே டீக்குத் தண்ணீர். ஒரு போட்டில் உடைந்தால் அன்று குளிர் சுமார். மூன்று போட்டுக்குப் போனால் கடுமை. வானொலிக்காரன் சொல்லும் கணக்கைவிட என் வாளி சொல்லும் கணக்கு சரியாக இருக்கும் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தார். இது பெருமைப்படுகிற விஷயமா? அவர் மனைவி உல்கன் கேட்டதும் இதைத்தான்.

ஆள் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கைநீட்டுகிற பழக்கம் கிடையாது. ஊரில் யார் வீட்டில் அடுப்பு புகைந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். தன் வீட்டு வேலை என்று வந்தால் மட்டும் அவர் வாயில் ஒரே சொல்தான்: "நாளைக்கு." எங்கள் பக்கத்துக் கோடை முழுசாக மூன்று மாதம் கிடையாது. அதற்குள் புல் அறுத்து, காயவைத்து, மாட்டுக்குப் போர் போட வேண்டும். அதை முடித்தால் பள்ளிக்கூடத்துக் கொதிகலனைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அது முடிவதற்குள் மலை உச்சி வெளுத்துவிடும். அப்புறம் என்ன, அடுத்த கோடைதான்.

வாசல் அறைக் கதவுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஆலங்கட்டி மழையில் உடைந்துபோனது. கிடிராலி வேறு கண்ணாடி தேடுவதற்குள், அதாவது தேடலாம் என்று நினைப்பதற்குள், தகைவிலான் குருவி ஜோடி ஒன்று உள்ளே வந்து உத்தரத்தில் மண் ஒட்ட ஆரம்பித்துவிட்டது. அது வந்த வழியை எங்கள் ஊரில் யாரும் அடைக்கமாட்டார்கள். எங்கள் பாட்டிமார் கதையில், மனித ரத்தம் கேட்டு வந்த பாம்புக்குக் குறுக்கே புகுந்து, தன் வால் நடுவைப் பறிகொடுத்த பறவை அது. அதன் கூட்டுக்கு வழி மறித்தவன் வீடு விளங்காது. ஆக, ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அந்த ஓட்டை குருவிகளுடையது. குருவிகள் போன பிறகு அது கிடிராலியுடையது. அவர் அதில் பழைய பஞ்சு மேலங்கி ஒன்றைச் சுருட்டித் திணித்துவிட்டு, பள்ளிக்கூடத்தைச் சூடாக்கப் போய்விடுவார்.

"குருவி ஆறு மாசம்தான் இருக்கு. நீங்க பன்னெண்டு மாசமும் குருவி மேலயே பழியப் போடுறீங்க" என்பாள் உல்கன்.

போன ஜனவரியில் உல்கனுக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பனியில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மூன்று வாரம் அங்கேயே கிடந்தாள். அடுப்புப் புகையும் குளிர்காற்றும் சேர்ந்து செய்த வேலை, இன்னொரு தடவை இப்படி வந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்று மட்டும் தங்கிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தால் சிரிப்பு முடிவதற்குள் இருமல் பிடித்துக்கொள்ளும். அதனால் அவள் சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

மே மாதம் ஒருநாள் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு உல்கன் விஷயத்தைச் சொன்னாள்.

"இங்க பாருங்க ஐபெரி அப்பா. சண்டை போட எனக்கு மூச்சு இல்ல. ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை பொண்ணு பிஷ்கேக்ல இருந்து கார் எடுத்துட்டு வர்றா. அன்னிக்கு இந்த வீடு குளிருக்குத் தாங்கும்னு தெரிஞ்சா இருக்கேன். இல்லன்னா அவகூடப் போயிட்டு ஏப்ரல்ல வர்றேன்."

"அப்ப நான்?"

"உங்களுக்கென்ன, கொதிகலன் இருக்கு. அதத்தானே கட்டிக்கிட்டீங்க."

முப்பத்துநாலு வருடத்தில் உல்கன் அவரைத் திட்டாத நாள் குறைவு. திட்டு அவருக்குப் பழகியிருந்தது. சொல்லப்போனால் பிடித்தும் இருந்தது. இந்தத் தடவை அவள் திட்டவில்லை. ரொட்டி வாங்கி வரச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எழுந்து மாடு கறக்கப் போய்விட்டாள்.  ஒரு பனிக்காலம்கூட அவர்கள் பிரிந்து இருந்ததில்லை, அந்த மூன்று வாரத்தைத் தவிர. அந்த மூன்று வாரமும் அவர் கொதிகலன் அறையிலேயே படுத்துக்கிடந்தார். வெறும் வீட்டுக்குப் போய் வாளியைத் தட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பயம் வந்தது, சரி. வேலை உடனே வந்துவிடுமா? ஜூன் முழுக்கப் புல் அறுப்பில் போனது. ஜூலை பாதியில்தான் ஏணியை வெளியே எடுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்த பக்கத்து வீட்டு ஜூனுஸ் தலையை நீட்டினான்.

"அண்ணே, கையில என்ன, ஏணியா? நில்லுங்க, நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். நாளைக்கு நான் சொன்னா ஊர்ல ஒருத்தனும் நம்பமாட்டான்."

"உன் டிராக்டர் ஓடுற அன்னிக்கு ரெண்டையும் சேத்து எடுத்துக்க."

"அண்ணி ஊருக்குப் போறாங்களாமே. பாவம், குருவிக்கு யாரு துணை?"

கிடிராலி ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதலில் அடுப்பு. எங்கள் வீடுகளில் சமையலறை அடுப்பின் புகை நேராக மேலே போகாது. படுக்கையறைச் சுவருக்குள் வளைந்து வளைந்து ஏறி, அந்தச் சுவரைச் சுடவைத்துவிட்டுத்தான் கூரைக்குப் போகும். கிடிராலி வீட்டில் நாலு வருடமாகச் சுவர் சுடவில்லை. புகையும் அறைக்குள்ளேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. நிலக்கரி மட்டம், காற்று எதிர்க்காற்று என்று அவர் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் சுவரில் இரண்டு கல்லைப் பெயர்த்துக் கையை விட்டார். முழங்கை வரை கரி. அதற்கும் கீழே, புகை திரும்பும் மூலையில், கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் ஒரு செங்கல். உள்ளே எப்போதோ பெயர்ந்து விழுந்து வழியில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

கிடிராலி அதை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரில் எத்தனை வீட்டு அடுப்புக்குள் கைவிட்டுப் பார்த்தவர்! வேறு யார் வீட்டிலாவது அடுப்பு இப்படிப் புகைந்தால், உள்ளே கல் விழுந்திருக்கு, எடு என்று வாசலில் நின்றே சொல்லியிருப்பார். தன் வீட்டில் நாலு வருடம் அந்தப் புகையை உல்கனைச் சுவாசிக்க விட்டிருக்கிறார்.  செங்கல்லை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. கதவு வரை கொண்டும் போனார்.

உல்கன் எதிரே வந்தாள். "என்ன அது?"

"செங்கல்."

"செங்கல்னு எனக்கும் தெரியுது. எங்க இருந்துச்சு?"

"புகை போற வழியில. நாலு வருஷமா அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உன்ன ஆஸ்பத்திரியில படுக்கவச்சது நான்தான் பைபிச்சே."

வீட்டுக்காரி என்ற மரியாதையோடு பைபிச்சே என்று அவளை அவர் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. உல்கன் கரி அப்பிய அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி."

"அரை மணி" என்று அவளும் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். அவர் கையிலிருந்து செங்கல்லை வாங்கிப் போய்க் கழுவினாள். அன்றிலிருந்து பாலாடைப் பானை மூடிக்கு மேலே பூனை தள்ளாதபடி வைக்கும் பாரம் அதுதான். ரொட்டிக்குப் பாலாடை வேண்டுமென்றால் கிடிராலி தினம் அதைத் தன் கையாலேயே தூக்கி வைக்க வேண்டும். திட்டியிருந்தால்கூட அவருக்கு அத்தனை உறைத்திருக்காது.

அதற்குப் பிறகு அவரை யாரும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. அடுப்புச் சுவரை மறுபடி கட்டினார். களிமண்ணும் வைக்கோலும் குதிரைச் சாணமும் காலால் மிதித்துக் குழைத்து, வெளிச்சுவர் வெடிப்பையெல்லாம் பூசினார். கூரை மூலையில் கீறிய தகட்டை மாற்றினார். ஜன்னல் சட்டங்களில் கண்ணாடியைப் பிடிக்க வைத்து, காய்ந்து உதிர்ந்துபோன மக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுண்ணப்பொடியில் எண்ணெய் விட்டுப் பிசைந்து புதிதாக வைத்தார். பழைய கம்பளி விரிப்பை நீளநீளமாக வெட்டிக் கதவைச் சுற்றி ஆணி அடித்தார். கதவு மூடினால் இப்போது சத்தமே வேறு மாதிரி வந்தது. சாப்பிடக் கூப்பிட்டால்கூட, "இதோ, இத முடிச்சிட்டு" என்றார். உல்கன் நம்பாமல் ஏணிக்குக் கீழே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மிச்சம் இருந்தது அந்த ஓட்டை ஒன்றுதான். உள்ளே உத்தரத்துக் கூட்டில் இரண்டாவது ஈடு குஞ்சுகள், ஐந்து வாயைத் திறந்துகொண்டு.

"இந்த வருஷம்னு பாத்து லேட்டாப் பொரிச்சிருக்கு" என்றார் கிடிராலி.

"ஆமா, அதுகளுக்கும் உங்க புத்தி ஒட்டிக்கிச்சு" என்றாள் உல்கன்.

ஆகஸ்ட் இருபதில் உச்சிகளில் முதல் பனி விழுந்தது. சாயங்காலக் காற்று கத்தியாய் அறுக்க ஆரம்பித்தது. கிடிராலி நாளை எண்ண ஆரம்பித்தார். காலையில் எழுந்ததும் அவர் பார்ப்பது உத்தரத்தைத்தான். ஜூனுஸ் வேலிக்கு மேலே கையை ஊன்றிக்கொண்டு, "காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுங்கண்ணே, முறைப்படி போகணும்" என்றான். ஆனால் அவனே தன் பழைய அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி, அளவுக்கு வெட்டியும் கொடுத்தான். ஊரில் கண்ணாடி வெட்டும் கருவி அவன் ஒருவனிடம்தான் உண்டு.

கடைசி வியாழக்கிழமை காலையில் கூடு காலியாக இருந்தது. ஐந்து குஞ்சுகளும் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கிடிராலி இரண்டு தடவை எண்ணினார். மதியம் வரை பார்த்தார். ஒன்றும் உள்ளே வரவில்லை. உல்கன் ஆற்றோரம் மேயும் மாட்டைக் கறந்துவர வாளியோடு போன நேரத்தில் ஏணியைச் சாத்தி, கண்ணாடியைப் பொருத்தி, சின்ன ஆணிகளால் பிடிக்கவைத்து, சுற்றிலும் மக்கு வைத்துக் கட்டைவிரலால் வழித்துவிட்டார். கண்ணாடி பளபளவென்று நின்றது. கையைக் கழுவி, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அவள் வந்ததும் பார்க்கட்டும் என்று வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

வெயில் இறங்கியதும் குருவிகள் வந்தன.

பெரியவை இரண்டும் நேராகப் பாய்ந்து வந்து, கண்ணாடிக்கு முன்னால் விலகி, வட்டமடித்துத் திரும்ப வந்தன. குஞ்சுகளுக்கு விலகத் தெரியவில்லை. மொத்துமொத்தென்று இடித்துக்கொண்டு சட்டத்தில் தொற்றி, வழுக்கி விழுந்தன. புதிதாகப் பறக்கும் குஞ்சு நாலைந்து நாளைக்குப் பொழுது சாய்ந்ததும் கூட்டுக்குத்தான் படுக்க வரும். எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். கிடிராலிக்கும் தெரியும். அவசரத்தில் அவருக்கு அது நினைவிலேயே வரவில்லை.

பனிக்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. விடியும்வரை வெளியே கிடந்தால் அந்தக் குஞ்சுகளில் ஒன்றும் மிஞ்சாது. கிடிராலி கண்ணாடியைப் பார்த்தார். விட்டுவிட்டால் போதும், சனிக்கிழமைக்கு வீட்டில் குறை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. உல்கன் இருப்பாள். அவர் முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். குஞ்சு ஒன்று மறுபடி இடித்துக்கொண்டு படியில் விழுந்தது. அவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து ஏணியில் ஏறினார்.

மக்கு இன்னும் இறுகவில்லை, விரலாலேயே வழித்தெடுக்க முடிந்தது. ஆணிகளைக் குறடால் பிடுங்கினார். இரண்டாவது ஆணி வந்ததுமே கண்ணாடி சறுக்கியது. பிடிக்க ஒரு கைதான் மிச்சம் இருந்தது, அதில் குறடு. கண்ணாடி படியில் விழுந்து சுக்குநூறானது. அவர் தலைக்கு மேலே உரசிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குருவிகள் உள்ளே போயின. எண்ணினார். ஏழு.

திரும்பிப் பார்த்தால் வேலிக்கதவுக்குப் பக்கத்தில் பால்வாளியோடு உல்கன் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"பாத்து இறங்குங்க, கீழ கண்ணாடி" என்றாள். பிறகு துடைப்பம் எடுத்துவந்து பெருக்கினாள்.  வெள்ளிக்கிழமை அவளுடைய பெரிய பை வாயைக் கட்டியபடி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. கிடிராலி அந்தப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை மதியம் ஐபெரி வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்ட கையோடு வீட்டைச் சோதிக்க ஆரம்பித்தாள். அப்பாவின் 'நாளைக்கு'களில் வளர்ந்த பெண் அல்லவா, எதையும் வாய்வார்த்தையாக நம்பவில்லை. அடுப்பை மூட்டச் சொன்னாள். புகை வரவில்லை. அரைமணி கழித்துப் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தவள், வெடுக்கென்று எடுத்தாள்.

"அட, சுடுதே!"

கதவை மூடிப் பார்த்தாள். ஜன்னல் சட்டத்தில் விரலை ஓட்டினாள். முகம் மெல்ல மாறிக்கொண்டு வந்தது. அப்போதுதான் வாசல் அறையில் அவள் உச்சந்தலைக்கு மேலே சில்லென்று காற்று வந்தது.

"அப்பா, இது என்ன?"

"குருவி..." என்று ஆரம்பித்தார் கிடிராலி. அதோடு நிறுத்திக்கொண்டார். ஆறு வருடமாக அந்த ஒரு வார்த்தையைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டையாக்கி வைத்திருந்தார். உண்மையாகவே அது தேவைப்பட்ட இன்றைக்கு அதை யாரிடம் கொடுத்தாலும் செல்லாது.

"அதே குருவி! இன்னும் எத்தனை வருஷத்துக்குப்பா இந்தக் குருவி? அம்மா போன தடவ எந்த நிலைமையில இருந்தாங்கன்னு மறந்துட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மறக்கல. நீ சொல்றது சரிதான். கூட்டிட்டுப் போ."

"யாரும் எங்கயும் போகல" என்றாள் உல்கன், அடுப்படியிலிருந்து. "அவரு அத அடைச்சாரு. வியாழக்கிழமை அடைச்சாரு. நான் வேலிகிட்ட நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். கண்ணாடி போட்டிருந்துச்சு, நல்லாவே போட்டிருந்துச்சு. குஞ்சு வந்து முட்டிச்சு, பிடுங்கிட்டாரு. அப்படியே விட்டிருந்தா உன்கிட்ட இன்னிக்கு நெஞ்ச நிமித்திட்டு நின்னிருப்பாரு. நீயும் நானும் மேல அண்ணாந்துகூடப் பாத்திருக்கமாட்டோம்."

"அம்மா, டாக்டர் சொன்னது..."

"புகையும் காத்தும் ஆகாதுன்னாரு. புகை போயாச்சு. காத்து ரெண்டு வாரத்துல போயிடும், அதுங்க கிளம்பட்டும். ஒரு கையில குறடு, ஒரு கையில கண்ணாடின்னு இவரு தனியா ஏறினா அடுத்ததும் உடையும். கீழ நின்னு பிடிக்க ஒரு ஆள் வேணும்ல?"

ஐபெரி அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நவம்பர்ல வருவேன். அன்னிக்கும் ஓட்டை இருந்துச்சுன்னா, ரெண்டு பேரையும் தூக்கி டிக்கியில போட்டுட்டுப் போவேன்" என்றாள்.

பெரிய பை அன்று பிஷ்கேக்குக்குப் போகத்தான் செய்தது. உல்கன் அதிலிருந்த துணிகளை எடுத்து வைத்துவிட்டு, வெண்ணெயும் காய்ந்த தயிர் உருண்டைகளும் நிரப்பி மகளிடம் கொடுத்தாள். கண்ணாடி அளவை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு அதோடு சேர்த்து அனுப்பினாள்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி விடிந்தபோது மின்கம்பி வெறுமையாக இருந்தது. கிடிராலி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள், ஷேர் டாக்சியில் மகள் கொடுத்தனுப்பிய கண்ணாடியைப் போர்வையிலிருந்து எடுத்து உல்கன் ஏணியடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"டீ குடிச்சிட்டு..."

"ஏறுங்க."

ஏறினார். சும்மா ஆணி அடிக்கவில்லை. பழைய அலமாரிக் கதவின் இரண்டு கீல்களை வைத்துச் சட்டம் செய்திருந்தார், ஏப்ரலில் திறந்துவிடலாம். இதை அவர் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உல்கன் கீழே இருந்து பிடித்துக்கொண்டே கீலைப் பார்த்தாள். "ஆறு வருஷம்" என்றாள். அவ்வளவுதான்.

பனிக்காலம் அந்த வருடம் ஈவிரக்கம் இல்லாமல் வந்தது. ஜனவரி நடுவில் ஒரு நாள் காலை, பள்ளிக்கூடக் கொதிகலனை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிடிராலி வீட்டுக்கு வந்தார். மீசையில் ஐஸ். பழைய வாளிக் கணக்குப்படி அன்று மூன்று போடு நிச்சயம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். கதவைச் சாத்தினார், அரைத்தூக்கத்தில் அகப்பையை எடுத்தார், வாளியில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

மூன்று மாதமாக அந்த வாளியில் ஐஸே கட்டவில்லை. தினமும் அதிலிருந்துதான் தண்ணீர் மொள்கிறார். ஆனால் இத்தனை வருடப் பழக்கம் கைக்கு எங்கே போகும்? தண்ணீர் குபீரென்று எழும்பி முகம், மீசை, மார்பு எல்லாவற்றையும் நனைத்தது.

"என்ன சத்தம்?" என்று உல்கன் எட்டிப் பார்த்தாள். சொட்டச்சொட்ட அகப்பையோடு நிற்கிற மனிதரைப் பார்த்தாள்.

"வாளி கெட்டுப்போச்சு பைபிச்சே" என்றார் கிடிராலி. "இன்னிக்கு எவ்வளவு குளிருன்னு சொல்லமாட்டேங்குது."

உல்கன் சிரித்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள். கிடிராலி முகத்தைத் துடைக்காமல் அப்படியே நின்று, சிரிப்புக்குப் பின்னால் வரும் இருமலுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.